மூணு தரம் கேக்கற ஊரு

பூட்டான் தேசத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல வேற எந்தப் பொம்பளைக்கும் தெரியாது. பெருமைக்குச் சொல்லல. தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசைப்பட்டதும் இல்ல. என் மவ கலாவதியை அந்த ஊருக்கு அனுப்பக் கூடாதுன்னு ஆதாரம் தேடப் போனேன். அது ஒண்ணொண்ணா வந்து மண்டையில ஏறிக்கிச்சு, இப்ப எறக்க முடியல.

லெட்டரை அவ படிச்ச அன்னைக்கு எங்க வூட்டுப் பாவு தெருவுல இருந்துச்சு. தறி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மூணு பட்டுப் புடவைக்கு வேண்டிய நூலை அறுபதடி நீளத்துக்கு விடியக்காலையில தெருவுல இழுத்து நீட்டணும். அறுந்த இழையெல்லாம் முடிச்சுப் போட்டு, கஞ்சி தடவி, வெயில் ஏறதுக்குள்ள சுருட்டணும். அதுதான் பாவு. ரெண்டு முனையிலயும் ஆளு இழுத்துப் பிடிச்சுக்கினு நிக்கணும். நடுவுல அக்கம்பக்கத்துக்காரங்க இழைக்கு நடுவுல செருகின குச்சியைப் பிடிச்சுக்கினு நிப்பாங்க. ஒருத்தர் கையை விட்டாலும் அத்தினி இழையும் சிக்கிக்கும். அப்புறம் மூணு நாளு உக்காந்து பிரிக்கணும். அதனால பாவு நீட்டியிருக்கும்போது இடி விழுந்தாலும் யாரும் கையை எடுக்க மாட்டோம். மூக்கு அரிச்சா அரிச்சுக்கினே இருக்க வேண்டியதுதான்.

என் மவ இதையெல்லாம் பொறந்ததுல இருந்து பார்த்தவ. முந்தின நாளு சாயந்திரமே லெட்டர் வந்துடுச்சு. தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கற என் தம்பி காசிநாதன்தான் கொண்டாந்து குடுத்திருக்கான். அதை அவ பொஸ்தகத்துக்குள்ள வச்சுக்கினு, மறுநாளு காலையில நான் ஒரு முனை, அவ நைனா ஒரு முனைன்னு கையைக் குடுத்துட்டு நிக்கற நேரம் பார்த்து, நடுத்தெருவுல நின்னு பிரிச்சுப் படிச்சா. முதல்ல இங்கிலீஷ்ல, அப்புறம் தமிழ்ல.

சர்க்கார் மூலமா பூட்டான் தேசத்துல டீச்சர் வேலை. ரெண்டு வருஷம். இருபது நாளுக்குள்ள சம்மதம்னு பதில் போடணும். பி.எட். முடிச்சுட்டு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பேரைப் பதிஞ்சு ரெண்டு வருஷமா ஒரு கார்டும் வராதவளுக்கு இது வந்துடுச்சு. படிச்சு முடிச்சுட்டு அவ சொன்னா, நைனாவும் அம்மாவும் சரின்னாதான் போவேன், இல்லாட்டி லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற வேலையைப் பார்க்கறேன்னு. சொல்லிட்டு அவ நைனா பக்கம் திரும்பி, போகட்டுமான்னு கேட்டா.

என் வூட்டுக்காரர் பேரை நான் சொல்ல மாட்டேன். தெருவுல வேலாயுதம்னு சொல்லுவாங்க. அவர் ஒரு நாளைக்குப் பேசற பேச்சை ஒரு கையில எண்ணிடலாம். பாவு பிடிச்சுக்கினு நிக்கும்போது அதுவும் கிடையாது. அன்னைக்கு ஒரு வார்த்தை பேசினாரு.

"வேணாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கியே அவ சடையைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ரெண்டு கையும் பாவுல மாட்டியிருக்குது. எதிர் வூட்டு செல்லியம்மாள் நடுவுல குச்சியைப் பிடிச்சுக்கினு, பூட்டான்னா எந்தப் பக்கம், வாலாஜாபாத் தாண்டியான்னு கேட்டா. கலாவதி, தாண்டித்தான் பெரிம்மான்னு மரியாதையா பதில் சொன்னா. அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பத்திக்கினு வந்துச்சு.

அவ போகக் கூடாதுங்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. காசிக்கு முப்பது வயசு. கலாவதி தொட்டில்ல கெடந்தப்பவே அவனுக்குன்னு முடிவு பண்ணது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு நாளும் வாயைத் தொறந்ததில்ல. அதை நான் வெக்கம்னு நெனைச்சுக்கினு இருந்தேன்.

அதனால காசியைக் கூப்பிட்டேன். அவன் சின்ன வயசுல இருந்து தேச தேசமா ஸ்டாம்பு சேக்கறவன். டேய், அந்த ஊரைப் பத்திக் கெட்டது என்னென்ன இருக்குதோ அத்தினியும் வெசாரிச்சுக்கினு வா, அவ காது கேக்கச் சொல்லுன்னேன். அவனும் தலையாட்டிட்டுப் போனான். முசரவாக்கத்துல ஒருத்தர் இருக்காரு, ரோடு போடற பட்டாளத்துல சேர்ந்து பூட்டான்ல நாலு வருஷம் மலையை ஒடைச்சவர். காசி சைக்கிளை எடுத்துக்கினு அவரைப் பார்க்கப் போயிட்டான்.

முதல் நாளு வந்து சொன்னான். நாலு பக்கமும் நெலந்தான், கடலே கெடையாது. ஒரு பக்கம் திபெத்து, மத்த பக்கமெல்லாம் இந்தியா. தேசம் முழுக்க இருக்கிற ஜனத்தைச் சேர்த்தாலும் மெட்ராஸ் பட்டணத்துல பாதி வராது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் வண்டி போற ரோடே இல்ல. எல்லையில இருந்து தலைநகரத்துக்குக் கோவேறு கழுதையில ஆறு நாளு.

எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. கலாவதியைக் கூப்பிட்டு, ஆறு நாளு கழுதை மேல உக்காருவியாடின்னு கேட்டேன். இப்ப ரோடு இருக்குதும்மா, அதைப் போட்டவரே முசரவாக்கத்துல உக்காந்துக்கினு இருக்காரு, பஸ்ஸே போகுதுன்னா. காசியைப் பார்த்தேன். ஆமாக்கா, நல்ல ரோடுதானாம், வளைவுதான் ஜாஸ்தியாம்னான். கெட்டதைச் சொல்லுடான்னு அனுப்பினா, ரோட்டுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கறான்.

ரெண்டாம் நாளு ராஜா சமாச்சாரம். போன வருஷம் ராஜா தவறிட்டாராம், இப்ப இருக்கிற ராஜாவுக்குப் பதினேழு வயசு. எங்க தெருவுல பதினேழு வயசுப் பையன் கையில தறியில ஊடு நூல் ஓட்டற நாடாவைக்கூடக் குடுக்க மாட்டோம், கரையைக் கெடுத்து வச்சுடுவான். அதை நல்லா சத்தமாவே சொன்னேன். உள்ள தறியில இருந்து என் வூட்டுக்காரர், பதினேழு வயசுல எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சின்னாரு. அதை அவர் அந்த ராஜாவுக்கு ஆதரவா சொன்னாரா, எதிரா சொன்னாரான்னு எனக்கு இன்னும் தெரியல.

அப்புறம் மிளகாய். அந்த ஊர்ல மிளகாயைக் காரத்துக்குப் போடறதில்லையாம், காயாவே சமைக்கறாங்களாம். நாம கத்திரிக்காய்க் கறி பண்றாப்பல மிளகாய்க் கறி. இதுல மாட்டினாடான்னு நெனைச்சேன், ஏன்னா கலாவதிக்கு ரசத்துல ரவ அளவு மிளகு கூடினாலே இருமல் வரும். மறுநாளு அவளே சமைக்கறேன்னு அடுப்பாங்கரைக்குள்ள போனா. அரைப்படி பச்சை மிளகாயைக் கீறி, வெங்காயம் போட்டு வதக்கி, கறின்னு எலையில வச்சா. தானும் தின்னா. மூக்கு செவந்து போச்சு, ஆனா இருமல. என் வூட்டுக்காரர் ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. அவர் கண்ணுல தண்ணி கொட்டிக்கினு இருந்துச்சு. வாய் நெறைய சோறு இருக்கிற நேரம் பார்த்து, நைனா, போகட்டுமான்னு மறுபடியும் கேட்டா. அவர் மென்னு முழுங்கிட்டு, வேணாம்னு சொல்லிட்டுக் கறி இன்னும் ரவ வைக்கச் சொன்னாரு.

காசி தெனம் வந்தான், தெனம் ஒண்ணு சொன்னான். வீடு கட்டறப்ப மரத்துக்கு மரம் செருகித்தான் கட்டுவாங்க, ஆணி அடிக்கற பழக்கம் இல்ல. ஆம்பளைங்க முழங்கால் வரைக்கும் அங்கி போட்டு இடுப்புல இறுக்கிக் கட்டிக்கறாங்க, நெஞ்சுக்கு மேல ஒரு மடி விழும், அதுக்குள்ள தனக்குன்னு ஒரு கிண்ணத்தை வச்சுக்கினு போவாங்க. ஊருக்கு ஊரு வில் வித்தை. ஒவ்வொரு பள்ளத்தாக்குலயும் பெரிய கோட்டை, அதுல பாதி மடம், பாதி சர்க்கார் கச்சேரி. அவங்க குரு ஒருத்தர் புலி மேல ஏறிப் பறந்து வந்து செங்குத்துப் பாறையில எறங்கினாராம், அங்க ஒரு மடம் கட்டியிருக்காங்க.

இதுல எதை வச்சு நான் சண்டை போடறது? நாங்க வருஷா வருஷம் பெருமாளைக் கருடன் மேல ஏத்திச் சின்ன காஞ்சிபுரத்துல இருந்து கூட்டிக்கினு வரவங்க. புலி மேல வந்தா வந்துட்டுப் போறாரு. அஞ்சாறு நாளு இப்படியே போனப்புறம் காசியைக் கேட்டேன், ஏண்டா, உன்னை நான் எதுக்கு அனுப்பினேன்னு ஞாபகம் இருக்குதாடான்னு.

இருக்குதுக்கா, இது கெட்டதுதான்னு அவன் ஆரம்பிச்சான். அந்த ஊர்ல நெறைய எடத்துல கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பொண்ணு வூட்டுக்கு வந்து இருக்கணுமாம். வூடும் நெலமும் பொண்ணுக்குத்தான் போகுமாம்.

அப்ப செல்லியம்மாள் எங்க வூட்டு வாசல்ல முறத்தோட உக்காந்துக்கினு இருந்தா. முப்பது வருஷம் மாமியார்கிட்ட குப்பை கொட்டினவ. கல்லு பொறுக்கறதை நிறுத்திட்டு, தம்பி, அதை இன்னொரு தரம் சொல்லுன்னா. அவன் சொன்னான். அவ அப்புறம் கல்லு பொறுக்கல, அப்படியே உக்காந்துக்கினு இருந்தா. நான் மட்டும் சத்தம் போட்டேன், மானம் கெட்ட ஊரா இருக்குதேன்னு. சும்மா சொன்னேன். எனக்கு மானம் கினம் ஒண்ணும் தோணல. எனக்கு ஆரணி ஞாபகம் வந்துடுச்சு.

காசி பொறக்கற வரைக்கும் எங்க வூட்டுல ஆம்பளைப் புள்ளை இல்ல. ஆரணியில எங்க நைனா தறியில நான்தான் கூட உக்காந்து நெய்வேன். பன்னெண்டு வயசுல தனியா கரை போட்டவ நான். பதினாறு வயசுல இங்க வந்தேன். வந்த மறுநாளே மாமனார் சொல்லிட்டாரு, இந்த வூட்டுல பொம்பளை தறிக்குழியில கால வைக்கறதில்லன்னு. அவர் செத்தும் பத்து வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் நான் ராட்டைகிட்ட உக்காந்து, நாடாவுக்குள்ள போடற நூல் கண்டு, அதான் தார், அதைச் சுத்திக் குடுத்துக்கினு இருக்கேன். இருபத்தஞ்சு வருஷத் தாரு. அவர் நெய்யறது எங்க பிசகுதுன்னு சத்தத்தை வச்சே எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

அடுத்த நாளு காசி ஒரு போட்டோ கொண்டாந்தான், முசரவாக்கத்துக்காரர் குடுத்தது. ஒரு பொம்பளை தரையில காலை நீட்டி உக்காந்திருக்கா. முதுகுக்குப் பின்னால ஒரு பட்டை, அதுல இழுத்துக் கட்டின பாவு, முன்னால நெய்துக்கினு இருக்கா. அந்த ஊர்ல நெசவுன்னா பொம்பளைங்க வேலைதானாம், பட்டுலயே பூப்பூவா எடுப்பாங்களாம். நான் போட்டோவை வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். நல்ல கை அது, பிடிச்சிருக்கிற விதத்துலயே தெரிஞ்சுச்சு.

இவளுக்கு யாருடா தார் சுத்திக் குடுக்கறதுன்னு கேட்டேன்.

"அது படத்துல விழலக்கா," ன்னான்.

அன்னைக்கு அவனுக்குச் சுண்டல் வச்சேன். இன்னும் ரவ போடட்டுமான்னா, வேணாம்னான். மறுபடியும் கேட்டேன், வேணாம்னான். மூணாந்தரம் கேட்டதும் கிண்ணத்தை நீட்டினான். ஏண்டா இந்த வேஷம்னதுக்கு ஒரு சேதி சொன்னான். அந்த ஊர்ல யாராச்சும் எதையாச்சும் சாப்பிடக் குடுத்தா, வாயைக் கையால மூடிக்கினு, மேஷு மேஷுன்னு சொல்லி வேணாங்கணுமாம். ரெண்டு மூணு தரம் வேணாம்னுட்டு அப்புறந்தான் வாங்கிக்கணும். கேட்ட ஒடனே சரின்னா மரியாதை தெரியாதவன்னு அர்த்தமாம்.

உள்ள தறிச் சத்தம் நின்னுச்சு. நல்ல பழக்கம்னு என் வூட்டுக்காரர் குரல் வந்துச்சு. மறுபடியும் தறி ஓடிச்சு. அந்த தேசத்தைப் பத்தி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. கலாவதி எடுத்துக்கினா.

காசி கெளம்பறப்ப வாசல்ல நின்னு மென்னு முழுங்கிக்கினு சொன்னான், அவ போகட்டும்க்கா, அவளுக்கும் எனக்கும் அந்த மாதிரி எண்ணமே கெடையாதுக்கா, நீங்களாதான் சொல்லிக்கினு இருக்கீங்கன்னு. அப்புறம், அவ எனக்கு ஸ்டாம்பு அனுப்பறேன்னிருக்கா, இந்த வருஷம் பூட்டான்ல பாடற ஸ்டாம்பு போட்டிருக்காங்க, கிராமபோன்ல வச்சா தட்டு மாதிரி பாடும்னான். அக்கா மவளைக் கட்டிக்கடான்னா பாடற ஸ்டாம்பு கேக்கற தம்பியை எனக்கு அந்தக் கடவுள் குடுத்திருக்காரு. கதவைச் சாத்திட்டு வந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். ராட்டையில தார் பாக்கி இருந்துச்சு.

இருபது நாளுல பத்தொன்பதாவது நாளு செல்லியம்மாள் வூட்டுப் பாவு. எங்க தெருவுல யார் வூட்டுப் பாவா இருந்தாலும் எல்லாரும் போய்க் கையைக் குடுப்போம். அந்த முனையில என் வூட்டுக்காரர், இந்த முனையில நான், நடுவுல தெரு. காசி வேலைக்குப் போற வழியில சைக்கிளைப் பிடிச்சுக்கினு நின்னான். கஞ்சி தடவ ஆரம்பிச்ச நேரம், கலாவதி லெட்டரோட எறங்கி வந்தா. எனக்கு ஒடனே புரிஞ்சுடுச்சு. கையை எடுக்க முடியல.

நேரா அவ நைனா முன்னால போய் நின்னா. தெரு முழுக்க வேலையை நிறுத்திட்டுப் பார்க்குது.

"நைனா, ரெண்டு தரம் வேணாம்னீங்க. மரியாதை முடிஞ்சுடுச்சு. இது மூணாவது தரம் கேக்கறேன். போகட்டுமா?"

அவர் பாவைப் பார்த்தாரு. மேல காக்கா போறதைப் பார்த்தாரு. அறுபதடி தள்ளி நிக்கற என்னைப் பார்த்தாரு. கஞ்சி காய ஆரம்பிச்சுடுச்சு.

"எனக்கு சரி. உங்கம்மாவைக் கேளு," ன்னாரு.

அவ பாவு ஓரமா நடந்து என்கிட்ட வந்தா. அந்த அறுபதடி அவ நடந்து வரதுக்குள்ள எனக்கு என்னென்னமோ ஆயிடுச்சு. ஆத்திரம் வந்துச்சு, அப்புறம் அது எங்கியோ போயிடுச்சு. கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து இந்த இருபத்தஞ்சு வருஷத்துல எதைப் பத்தியும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. என் கல்யாணத்துக்குக் கேக்கல, மவ பள்ளிக்கூடத்துக்குக் கேக்கல, தறிக்குக் கேக்கல. இப்பத்தான் முதல் தரம். தெரு நடுவுல, ஊரே பார்க்க.

போகட்டுமாம்மான்னு கேட்டா.

வேணாம்னேன். அவ முகம் சுண்டிப் போச்சு. அப்புறம் ஏதோ தோணி மறுபடியும் கேட்டா. வேணாம்னேன். செல்லியம்மாள் குச்சியைப் பிடிச்சுக்கினே, அடிப்பாவின்னா. கலாவதிக்கு வாய் கோணிக்கினு அழுகை வந்துடுச்சு, மூணாவது தரம் கேக்க வார்த்தை வரல. அடுத்த வூட்டுப் பாவு நாளு அதுவுமா அவளை அழ வைக்கறேனேன்னு எனக்கே பத்திக்கிச்சு.

"கேளுடி, கஞ்சி காயுது," ன்னேன்.

கேட்டா. போயிட்டு வான்னேன். ஆனா ஒண்ணு, அங்க தறியில உக்காந்திருக்கிற பொம்பளைக்கு யாரு தார் சுத்திக் குடுக்கறாங்கன்னு பார்த்து எனக்கு எழுதணும், ஸ்டாம்பு அப்புறம் வாங்கிக்கலாம்னேன். செல்லியம்மாள் பாவுல அன்னைக்கு ஒரு இழைகூட சிக்கல.

கலாவதி போய் மூணு மாசம் கழிச்சு அந்த லெட்டர் வந்துச்சு. காசி உறையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே மேல தடவிப் பார்த்தான். உள்ள பாடற ஸ்டாம்பு ஒண்ணு இருந்துச்சு, வட்டமா, உள்ளங்கையில அடங்கற அளவுக்கு. மைக் செட் கடைக்குக் கொண்டு போய்ப் போட்டான். பாடிச்சு. யாருக்கும் பாஷை புரியல. காசி அழுதான்.

எனக்கு எழுதினது தனிக் காகிதத்துல இருந்துச்சு. அம்மா, நான் தங்கியிருக்கிற வூட்டுக்காரம்மா காலையில தறியில உக்காந்தா, அவங்க வூட்டுக்காரர்தான் பக்கத்துல உக்காந்து நூல் சுத்திக் குடுக்கறாரு. எல்லா வூட்டுலயும் இப்படியான்னு தெரியல. நான் பார்த்தது ஒரு வூடு.

எனக்கு ஒரு வூடு போதும். அதை எடுத்துக்கினு போய் தறிகிட்ட நின்னு, என் வூட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். தறி நின்னுச்சு. நான் நெய்யட்டுமா, நீங்க ரவ நேரம் தார் சுத்துங்கன்னு கேட்டேன். வேணாம்னாரு.

போன வாரம் மிளகாய்க் கறி பண்ணேன். அது இப்ப எங்க வூட்டுல வாரத்துக்கு ஒரு நாளு உண்டு. அவர் வாய் நெறைய இருக்கிறப்ப மறுபடியும் கேட்டேன். வேணாம்னாரு. ஆனா இந்தத் தரம் கையால வாயை மூடிக்கினு சொன்னாரு. காரத்துக்கா, பழக்கத்துக்கான்னு எனக்குத் தெரியல, நானும் கேக்கல.

வர வெள்ளிக்கிழமை எங்க வூட்டுப் பாவு. ஒரு முனை அவர் கையில இருக்கும்.